ஒன்றரை மணி அழைப்பு

ஒரு மணி பத்து ஆகியும் பெட்டி பேசவில்லை. பேசாததைவிட, அது இத்தனை சுத்தமாகப் பேசாமல் இருந்தது கோகிலவாணிக்குப் பிடித்திருந்தது. அப்படிப் பிடித்திருந்ததை நினைத்து அவள் பயப்படத் தொடங்கியது இன்னும் சற்று நேரம் கழித்துத்தான். வட்டாட்சியர் அலுவலகத்தின் பின்பக்கம், பழைய பட்டா நகல்களை அடுக்கி வைத்திருந்த அறையில் ஒரு மேசை, அதன்மேல் அவள் படித்த கல்லூரியின் அமெச்சூர் ரேடியோ சங்கத்திலிருந்து கொண்டுவந்த செட், கீழே ஒரு கார் பேட்டரி, ஜன்னல் கம்பி வழியாக வெளியேறி வேப்பமரத்துக்குப் போகும் ஆன்டெனா ஒயர், இடது கையருகே பதிவு நோட்டு. நான்கு நாள் மழையில் மலைச்சாலை சரிந்துவிட்டது. மலைமேல் செல்போன் கோபுரம் செத்துவிட்டது. தேன்பாறைப்பட்டிக்காரர்கள் நாற்பத்தொரு பேர் வீடுகளை விட்டு வந்து அரசு உறைவிடப் பள்ளியில் அடைந்திருக்கிறார்கள். அவர்களோடு, முந்தாநாள் நடந்தே மேலே போன ஒரு நர்ஸ், சின்ன செட் ஒன்றைத் தோளில் சுமந்து போன இளம்பரிதி. இளம்பரிதி அவளோடு படித்தவன், அவளோடு ஒரே நாளில் லைசென்ஸ் பரீட்சை எழுதியவன். அவனிடம் இருக்கும் பேட்டரி சின்னது. அதனால் அரை மணிக்கு ஒருமுறை, நிமிட முள் நேரானதும், இரண்டு நிமிடம் பேசிவிட்டு அணைத்துவிடுவான். பேச்சு வராவிட்டால் என்ன செய்வது என்பதையும் நேற்றே முடிவு செய்திருந்தார்கள். ஒருமுறை வராவிட்டால் காத்திருப்பது. அடுத்தடுத்து இரண்டு முறை வராவிட்டால், எல்லோரும் பள்ளியை விட்டுக் கிளம்பி ஒற்றையடிப் பாதையில் கீழ்ப்பாலத்துக்கு இறங்குகிறார்கள் என்று எடுத்துக்கொண்டு, அலுவலகத்திடம் இருக்கும் ஒரே ஜேசிபியைக் கீழ்ப்பாலத்துக்கு அனுப்பிவிடுவது. பள்ளியிலேயே இருக்கிறோம் என்று சொன்னால் மேல்ரோட்டுக்கு. இரண்டும் மலையின் இரண்டு பக்கம். ஒன்றுக்குப் போன வண்டி திரும்பி இன்னொன்றுக்குப் போவதற்குள் இருட்டிவிடும். பன்னிரண்டரைக்கு இளம்பரிதி பேசினான்: சமையல்கூடச் சுவரில் விரல் அகலம் விரிசல், எட்டு மாதப் பிள்ளைத்தாச்சி ஒருத்தி இருக்கிறாள், இறங்குவதா இருப்பதா என்று பாதையைப் பார்த்துவிட்டு ஒரு மணிக்குச் சொல்கிறேன். ஒரு மணிக்கு எதுவும் வரவில்லை. அவள் மூன்று முறை கூப்பிட்டாள், மலை, மலை, இது அலுவலகம், கேக்குதா. பிறகு நோட்டில் நீல மையில், பள்ளிக்கூடத்தில் பரிசு வாங்கிய கையெழுத்தில் எழுதினாள்: 1.00 – அழைப்பு இல்லை.

எழுதியதும் ஒரு நிறைவு வந்தது, அதை அவள் மறைக்க விரும்பவில்லை. காலையில் இந்த அறை இப்படி இல்லை. செட்டைத் திறந்த நிமிடம் ஒரு கொதிப்பு, எண்ணெய்ச் சட்டியில் ஈரமாவு விழுந்த மாதிரி, கொதிப்புக்கு அடியில் ர்ர்ர் என்று ஓர் உறுமல், இளம்பரிதியின் குரலை அதற்குள்ளிருந்து கரண்டி விட்டு அள்ளுவது போலத்தான் ஒவ்வொரு அரை மணிக்கும் அள்ளி எடுத்தாள். டபேதார் செங்கோடன் கோப்பைத் தூக்கிக்கொண்டு கடக்கும்போதெல்லாம் தலையை நீட்டி, "ஏங் கண்ணு, பஜ்ஜி இன்னும் வேவுலியா?" என்று கேட்டார். "வெந்தா சொல்லு, சாருக்கு ரெண்டு, எனக்கு ரெண்டு." வட்டாட்சியர் குணசீலன் காலையில், ஸ்பீக்கரிலேயே போடும்மா, மலையில பேசறது எல்லாருக்கும் கேக்கட்டும் என்றவர், பன்னிரண்டே முக்காலுக்குத் தன் அறையிலிருந்து பாதி எழுந்து வந்து, போனைக் கையால் பொத்திக்கொண்டு, "அந்த இரைச்சல மட்டும் எடுத்துடும்மா, பேச்சு வந்தா வரட்டும். காதுல ஒண்ணும் விழ மாட்டேங்குது" என்றார். இரைச்சலை மட்டும் எடுத்துவிடு. அவள் உட்கார்ந்து எடுத்தாள். இப்படி ஒரு வேலையை ஒருவர் தன்னிடம் கேட்கவேண்டும் என்றுதானே அத்தனை நாள் படித்தாள். ஆர்.எஃப். கெயின் குமிழை, ஆன்டெனாவிலிருந்து வருவதை எவ்வளவு உள்ளே விடலாம் என்று சொல்லும் குமிழை, இடப்பக்கம் ஒரு மயிரிழை, இன்னொரு மயிரிழை. இரைச்சலைக் குறைக்கும் பொத்தானை மூன்றாம் படிக்கு. கடைசியாக ஃபில்டர். காதுக்கு வரும் ஒலியின் அகலத்தைக் குறைப்பது அது, இரட்டைக் கதவு ஜன்னலில் ஒன்றைச் சாத்திவிட்டு மற்றதைக் கை நுழையும் அளவுக்கு ஒருக்களித்து வைப்பது போல. ஒரு படி இறுக்க, உறுமல் ஒரு படி இறங்கியது. கடைசிப் படியில் அறை சட்டென்று காலியானது. மழை கேட்டது, சுவர்க்கடிகாரம் கேட்டது. "குட்," என்றார் குணசீலன், போனை மறுபடி காதில் வைத்தபடி. ஒரு சொல். அந்தச் சொல் அவள் வயிற்றுக்குள் போய் வெதுவெதுப்பாக உட்கார்ந்துகொண்டது, ஒரு மணிக்கு அழைப்பு வராதபோதும் அது எழுந்திருக்கவில்லை.

அமைதியை நம்பும் பழக்கம் அவளுக்கு எப்போது வந்தது. சின்ன வயதில் அப்படி இல்லையே. அப்பா வேலை பார்த்த சேகோ ஆலையின் மதிலை ஒட்டித்தான் வீடு, ஜவ்வரிசிக்குக் கிழங்கு அரைக்கும் இயந்திரம் ராத்திரி பகல் இல்லாமல் ஓடும், அதன் அதிர்வில் தண்ணீர்க் குடத்தில் வட்டம் வட்டமாக அலை நடுங்கும், அந்தச் சத்தத்தில்தான் தூங்கினாள், எழுத்துக் கூட்டினாள், பூப்பெய்தினாள். கரண்ட் போய் ஆலை நின்றால்தான் விழித்துக்கொண்டு அழுவாள். சத்தம் நின்றால் யாருக்கோ கை போய்விட்டது என்று அர்த்தம், ஒருமுறை அப்படித்தான் நின்றது, மாரியப்பன் மாமாவுக்கு, அம்மா அடுப்பை அப்படியே விட்டுவிட்டு ஓடினாள். இப்போது சத்தம் நின்றிருக்கிறது. நான் நிறுத்தினேன். நிறுத்திவிட்டு நிம்மதியாக இருக்கிறேன். ஏன் அவன் பேசவில்லை. பேட்டரி தீர்ந்திருக்கலாம், பன்னிரண்டரைக்குக் குரல் தெளிவாகத்தான் இருந்தது, பேட்டரி இறங்கினால் குரல் கமறும், கமறவில்லை. ஆன்டெனா அறுந்திருக்கலாம், பள்ளிக் கொடிக்கம்பத்திலிருந்து பலாமரத்துக்குக் கட்டியிருப்பதாகச் சொன்னான், பலாமரம் அவ்வளவு சுலபமாகச் சாயாது. கிளம்பியிருக்கலாம், இறங்கிக்கொண்டிருக்கலாம், எட்டு மாதக்காரியைக் கட்டிலில் வைத்துத் தூக்கிக்கொண்டு. செட் கெட்டிருக்கலாம். செட் கெடாது, அது நாங்கள் செய்தது, அதன் சுருளை நான்தான் சுற்றினேன், மூன்றாம் ஆண்டு மார்ச் மாதம், நாற்பத்திரண்டு சுற்று, எண்ணிக்கை தப்பித் தப்பி இரண்டு முறை பிரித்து, மூன்றாம் முறை இளம்பரிதி பக்கத்தில் உட்கார்ந்து சத்தமாக எண்ணினான். மெழுகு ஊற்றினோம், அப்படியும் அது ஓரிடத்தில் நிற்காது. ஆய்வகத்தில் ஏசி போட்டால் அலைவரிசை மெல்ல மேலே ஏறும், ஏசியை நிறுத்தினால் இறங்கி வரும். "உன் செட் நடக்குது கோகிலா," என்பான் அவன், "சங்கிலி போட்டுக் கட்டு, ஊர் மேயப் போயிடும்."

நடக்குது.

அவள் பேனாவைக் கீழே வைத்தாள். மலைமேல் என்ன குளிர் இருக்கும். நான்கு நாள் மழை, மேகம் தரையில் கிடக்கும், செட்டை அணைத்து அணைத்துத் திறக்கிறான், சூடேற நேரமே இல்லை. பன்னிரண்டரைக்கே குரல் சற்று அடியில் போயிருந்தது, ஞாபகம் இருக்கிறது, சளி பிடித்திருக்கிறது அவனுக்கு என்று நினைத்தாள், பாவம் என்றுகூட நினைத்தாள். சளி இல்லை. செட் நடக்கத் தொடங்கியிருந்தது. குளிர்ந்தால் மேலே ஏறும், அவன் மேலே ஏற ஏற இங்கே குரல் கீழே கீழே போகும், குடத்துக்குள் தலையை விட்டுப் பேசுவது மாதிரி, பிறகு பேச்சே இல்லாமல் வெறும் ம்ம் ம்ம் என்று. ஃபில்டர் அகலமாக இருந்திருந்தால் அந்த ம்ம் கேட்டிருக்கும், அலைவரிசைக் குமிழை ஒரு நூல் திருப்பினால் அதை மனிதக் குரலாக ஆக்கிவிடலாம், சங்கத்தில் முதல் வாரம் சொல்லித்தருவது அது. அவள் பன்னிரண்டே முக்காலுக்கு ஜன்னலைச் சாத்தினாள். ஒரு மணிக்கு அவன் ஜன்னலுக்கு வெளியே நின்று பேசியிருந்தால்? ஐயோ. ஐயோ. மணி ஒன்று பதினான்கு.

ஹெட்போனை எடுத்து மாட்டிக்கொண்டு, ஃபில்டரைத் திறந்தாள். எல்லாம் திரும்பி வந்தது, கொதிப்பும் உறுமலும், காதுக்குள்ளேயே. நெற்றிப்பொட்டில் அடித்தது. இதைத்தான் எடுத்துவிட்டேன், இத்தனையையும், இதற்குள் ஒரு மனிதன் இருந்தானா என்று பார்க்காமல் எடுத்தேன். ஒரு மணிக்கு ஏதாவது கேட்டதா. யோசி. கண்ணை மூடி யோசி. முள் நேராக வந்தது, நான் பேனாவைத் திறந்தேன், செங்கோடண்ணன் டீ டம்ளரை வைத்தார், டம்ளர் வைத்த சத்தம், அதற்குப் பின்னால் ஒரு டுப். ஒரு டுப், ஒரு முனகல், இரைச்சல் குறைக்கும் பொத்தான் அதை நடுவில் விழுங்கி விழுங்கித் துப்பிய மாதிரி. கேட்டதா, அல்லது இப்போது கேட்டதாகச் செய்துகொள்கிறேனா. கேட்டிருந்தால் நான் ஏன் நிமிரவில்லை. நிமிர்ந்தேனோ. டம்ளரைப் பார்த்தேன், டம்ளரைத்தான் பார்த்தேன், ஆடை படிந்திருந்தது. டுப் என்றது டம்ளர்தான். டம்ளர் அப்போதே வைத்தாகிவிட்டது. இப்படி ஒரே இடத்தைச் சுற்றிச் சுற்றி வந்தாள், செக்கு மாடு போல, ஒவ்வொரு சுற்றிலும் அந்த முனகல் இன்னும் கொஞ்சம் இளம்பரிதியாகிக்கொண்டு வந்தது, நான்காம் சுற்றில் அது அவள் பெயரையே சொன்னது, அதை அவள் நம்பவில்லை, நம்பாமல் இருக்கவும் முடியவில்லை.

வெளியே குணசீலன் குரல். ஒரு பக்க ஹெட்போனை விலக்கினாள். டிரைவரோடு பேசுகிறார். "ஒரு மணிக்கு வரலய்யா. ஒண்ணரைக்கும் வரலன்னா கீழ்ப்பாலந்தான். வண்டிய இப்பவே அந்தப் பக்கமாத் திருப்பி நிறுத்திக்க, டீசல் பாத்துக்க." ஒரு மணிக்கு வரல. அவளுடைய நீல எழுத்து அந்த வாய் வழியாக வெளியே போய், தெருவைக் கடந்து, மழையில் நிற்கும் மஞ்சள் வண்டியின் சக்கரத்தைத் திருப்புகிறது. அவ்வளவு பலம் அந்த எழுத்துக்கு எங்கிருந்து வந்தது. அவள் எழுதியதை யாரும் இதுவரை நம்பி எதுவும் செய்ததில்லை. ஒன்றரைக்கு வந்துவிட்டால் ஒன்றும் இல்லை. ஒன்றரைக்கு வரும். ஃபில்டரைத் திறந்தாகிவிட்டது, இந்த முறை அவன் எங்கே நடந்திருந்தாலும் பிடித்துவிடுவேன், பிடித்துவிட்டால் ஒரு மணிக்கு என்ன நடந்தது என்பதை யாரும் கேட்கப்போவதில்லை. கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லு. அது அப்பாவின் குரல், இதே கட்டடத்தில், இதே வராந்தாவில், ஏழு வருடத்துக்கு முன்னால். முதல் பட்டதாரி சான்றிதழுக்கு வந்திருந்தார்கள், உங்கள் குடும்பத்தில் இதற்கு முன் பட்டம் வாங்கியவர் யாரும் இல்லை என்று வட்டாட்சியர் கையெழுத்துப் போட்டுத் தரும் தாள், அது இருந்தால்தான் கல்லூரிக் கட்டணத்தில் சலுகை. அப்பா வெள்ளைச்சட்டை போட்டு, கையைக் கட்டிக்கொண்டு, மூன்றாவது நாளாக நின்றார். எழுத்தர் நிமிராமல் கேட்டார், குடும்பத்துல யாராச்சும் டிகிரி? இல்லீங்க சாமி, என்றார் அப்பா. அதோடு முடிந்திருக்கும். அவள், பதினேழு வயது, ரெட்டைச் சடை, எங்க சித்தப்பா பாலிடெக்னிக் சேந்தாருங்க சார், ஆனா முடிக்கல, என்றாள். எழுத்தர் நிமிர்ந்தார். அந்தச் சித்தப்பாவின் டி.சி.யைத் தேடிக் கொண்டுவந்து காட்ட இன்னும் இரண்டு வாரம் ஆனது, டிப்ளமா டிகிரியே இல்லை என்று கடைசியில் எழுத்தரே சிரித்தார். அன்றைக்குப் பேருந்தில் அப்பா ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடி சொன்னார், கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லு சாமி, நம்மகிட்ட அவங்க கேக்கறதே கொஞ்சந்தான். கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் மறந்திருப்பாள்.

மணி ஒன்று இருபது. இப்போது யாரும் கேட்கவில்லை. கேட்காததைச் சொன்னால் என்ன ஆகும். படிச்ச பொண்ணுன்னு கூட்டிட்டு வந்தா இப்படிப் பண்ணிட்டியேம்மா. அந்த "குட்" திரும்பப் பெற்றுக்கொள்ளப்படும். அதற்கா பயப்படுகிறாய். அதற்குந்தான். மலையில் சுவர் பிளக்கிறது, உனக்கு ஒரு சொல் போய்விடும் என்று பயம். இரண்டும் ஒரே வயிற்றில்தான் இருக்கிறது, தராசு வைத்துப் பிரிக்க முடியவில்லை. குமிழை மேலே திருப்பினாள், கீழே திருப்பினாள். உறுமல் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி இருந்தது. ர்ர்ர், ர்ர்ர், வினாடிக்கு இத்தனை என்று எண்ணிவிடலாம் போல. இது வானத்து இரைச்சல் இல்லை என்று திடீரென்று தெரிந்தது. மின்னல் சடசடக்கும், வானம் சலசலக்கும், இப்படி ஒழுங்காக உறுமாது. ஒழுங்காக உறுமுவது மனிதன் செய்த பொருள். நேற்று இரவு கல்லூரியில் இதே செட்டில் இது இல்லையே. காலையில் கரண்ட் போனது, காலையிலிருந்துதான் இது. அவள் ஒயர் எட்டும் வரை ஹெட்போனோடு எழுந்து கதவுப்பக்கம் தலையைச் சாய்த்தாள், கதவுக்கு அந்தப் பக்கம், மாடிப்படிக்குக் கீழே, இரண்டு பெரிய பேட்டரியோடு அலுவலகத்தின் இன்வர்ட்டர் அதே சுருதியில், ஹெட்போன் இல்லாத காதுக்கும் கேட்கும்படி, ர்ர்ர் என்று உறுமிக்கொண்டிருந்தது. காலையிலிருந்து அதைத் தாண்டித்தான் கழிவறைக்குப் போய்வந்தாள். இதை நிறுத்தாமல் ஃபில்டரை மட்டும் திறந்து என்ன பயன், இந்த உறுமலுக்குள் அந்த ம்ம் போய்விடும், குளிரில் இறங்கிய பேட்டரி, கமறிய குரல், பிடிக்க முடியாது. பிடிக்க முடியாமல் போனால் அது இரண்டாவது முறை. நிறுத்தவேண்டும். இன்வர்ட்டரை நிறுத்தினால் வட்டாட்சியர் அறைக் கணினி நின்றுவிடும். கணினியில் ஒன்று இருபதிலிருந்து கலெக்டர் இருக்கிறார், காணொலிக் கூட்டம். கலெக்டரை நிறுத்தவேண்டும். நான். சேகோ ஆலை மூட்டை தூக்கும் பெருமாளின் மகள் கலெக்டரை நிறுத்தவேண்டும். சிரிப்பு வந்தது, கண்ணில் தண்ணீரும் வந்தது, மணி ஒன்று இருபத்திமூன்று.

அறையிலிருந்து வட்டாட்சியரின் கதவுக்குப் பதினாறு அடி இருக்கலாம். முதல் நான்கு அடியில் அவள், ஒன்றரைக்கு அவனே தெளிவாக வந்துவிடுவான், திரும்பிப் போ, என்று நினைத்தாள். அடுத்த நான்கில், இன்வர்ட்டரை நிறுத்தச் சொன்னால் போதும், ஒரு மணியைப் பற்றிச் சொல்லவேண்டாம் என்று நினைத்தாள்; ஏன் நிறுத்தவேண்டும் என்று கேட்பார், இரைச்சல் சார் என்பேன், அதான் எடுத்துட்டியேம்மா என்பார். அப்போது? சுவரில் வாக்காளர் விழிப்புணர்வுச் சுவரொட்டி, நாற்காலி, ஈரக்குடை, குடையிலிருந்து ஒழுகிய தண்ணீர், அதை மிதிக்காமல் தாண்டினாள், இந்த நேரத்திலும் மிதிக்காமல் தாண்டத் தோன்றுகிறதே. கதவு பாதி திறந்திருந்தது. குணசீலன் திரையைப் பார்த்துத் தலையாட்டிக்கொண்டிருந்தார், யெஸ் மேடம், யெஸ் மேடம். நாற்காலிக்குப் பின்னால் செங்கோடன், மேசைவிசிறி போல் ஒரு கோப்பால் அவருக்கு வீசிக்கொண்டிருந்தார். அவள் வாசலில் நின்றாள். எத்தனை நேரம் நின்றாள் என்று தெரியவில்லை. நிற்பது அவள் குடும்பத்துக்குத் தெரிந்த வேலை. செங்கோடன்தான் பார்த்துவிட்டு, புருவத்தைத் தூக்கினார், என்ன கண்ணு?

"சார்," என்றாள். அது வெளியே வரவில்லை. "சார்!" இது கத்தலாக வந்துவிட்டது. குணசீலன் திரும்பினார், கையால் கணினியின் மைக்கை அணைத்தார். "கூட்டத்துல இருக்கேன்ல?" "சார், இன்வர்ட்டர நிறுத்தணுங்க சார். பத்து நிமிஷம்." "எதை?" "இன்வர்ட்டர். அதோட இரைச்சல்தான் செட்டுல. அது ஓடினா ஒண்ணரை அழைப்பு எனக்குக் கேக்காதுங்க சார்." அவர் எதிர்பார்த்ததையே கேட்டார், "அதான் எடுத்துட்டியேம்மா. நல்லாத்தானே இருந்துச்சு?" இங்கே ஒரு கதவு இருந்தது, அவளுக்கு நன்றாகத் தெரிந்தது, அதன் வழியாகப் போய்விடலாம். "நல்லா இல்லைங்க சார்," என்றாள். "இரைச்சலோட சேத்துப் பேச்சையும் எடுத்துட்டேன்னு நெனைக்கறேன். மலை செட்டு குளிர்ல நகரும். எனக்கு அது தெரியும், நான் செஞ்ச செட்டு. தெரிஞ்சே ஃபில்டர இறுக்கிட்டேன். ஒரு மணிக்கு அழைப்பு இல்லன்னு எழுதினேன் பாருங்க, அத நம்பாதீங்க சார். அவன் பேசியிருக்கலாம். அத வெச்சு வண்டிய அனுப்பாதீங்க." மழை. திரையில் யாரோ இன்னொரு வட்டாட்சியர் ஏரி மட்டம் சொல்லிக்கொண்டிருந்தார். குணசீலனின் முகம் முதலில் வெறுமனே இருந்தது, பிறகு அது ஒவ்வொரு இடமாகப் புரிந்துகொண்டது, கண், வாய், கழுத்து. அவர் திட்டவில்லை. திட்டாதது இன்னும் பயமாக இருந்தது, ஏனென்றால் அவரும் பயந்துவிட்டார் என்று தெரிந்தது. "மணி என்ன?" "ஒண்ணு இருபத்தேழுங்க சார்." அவர் திரையைப் பார்த்தார், கதவைப் பார்த்தார், மறுபடி திரையை. "போட்டு அமுக்கிடட்டுங்களா சார்?" என்றார் செங்கோடன். "கரண்டு போயிடுச்சுன்னு சொல்லிக்கலாம். ஊருல எவனுக்குத்தான் கரண்டு போவுல?" "பொய் சொல்ல வேணாம், நிறுத்து," என்றார் குணசீலன், பிறகு மைக்கைத் திறந்து, "மேடம், மலை அழைப்புக்காக அலுவலக மின்சாரத்தை நிறுத்துகிறேன், பத்து நிமிடத்தில் வருகிறேன்" என்று சொல்லி முடிப்பதற்குள் செங்கோடன் ஓடிவிட்டிருந்தார். திரை கறுத்தது.

அவள் உட்கார்ந்து ஹெட்போனை மாட்டியபோது காதுக்குள் மழை பெய்வது போல் ஒரு மெல்லிய சலசலப்பு மட்டும் இருந்தது. உறுமல் இல்லை. வானத்தின் இரைச்சல். எவ்வளவு தூரத்திலிருந்து வருகிறது, எத்தனை ஊர்களின் மின்னல் இதில் இருக்கிறது. இதை அவள் தொடவில்லை. கெயினைத் திறந்து, பொத்தானை அணைத்து, ஃபில்டரை முழுக்க விரித்துவிட்டுக் காத்திருந்தாள். குணசீலனும் செங்கோடனும் பின்னால் வந்து நின்றார்கள், குணசீலனின் ஈரமான மூச்சு அவள் தோளில் பட்டது. அவள் ஹெட்போனைப் பிடுங்கி ஸ்பீக்கருக்கு மாற்றினாள், எல்லோருக்கும் கேட்கட்டும். முள் நேரானது. ஒன்றுமில்லை. முள் தாண்டியது. பத்து வினாடி. இருபது. செத்துவிட்டான். இறங்கிவிட்டார்கள். சுவர். பிறகு சலசலப்பின் அடியில், மிக அடியில், யாரோ கனமான பெட்டியைத் தரையில் இழுப்பது மாதிரி, ம்ம். ம்ம், ம்ம்ம். அவள் கை தானாகக் குமிழை மேலே திருப்பியது, ஒரு நூல், இன்னொரு நூல், முனகல் எழுந்தது, தொண்டை கிடைத்தது, பல் கிடைத்தது, உதடு கிடைத்தது, சட்டென்று அறைக்குள் இளம்பரிதி இருந்தான்: "...லுவலகம், இது மலை. கேக்குதா? ஓவர்." "கேக்குது, கேக்குது, சொல்லு, ஓவர்," என்றாள், குரல் கிழிந்தது. "அப்பாடா. ஒரு மணிக்கு நீ பேசினது குளறலா இருந்துச்சு. ஆனா பதில் மாதிரி இருந்துச்சு, என் சேதி வந்துடுச்சுன்னு எடுத்துக்கிட்டு அணைச்சுட்டேன். நான் சொன்ன மாதிரிதான், கீழ்ப்பாலத்த ஓடை அடிச்சுட்டுப் போயிடுச்சு, யாரும் இறங்கல. சமையல்கூடம் விழுந்துடுச்சு. எல்லாரையும் நடு வகுப்புல உக்கார வெச்சிருக்கேன், மேல்ரோட்டுல வண்டி வருதுன்னு சொல்லித்தான் உக்கார வெச்சிருக்கேன். ஜேசிபி எவ்வளவு தூரம் வந்திருக்கு? ஓவர்."

எவ்வளவு தூரம் வந்திருக்கு. மைக் அவள் கையில் இருந்தது. குணசீலன் ஏற்கெனவே வாசலை நோக்கிக் கத்திக்கொண்டிருந்தார், மேல்ரோடு, மேல்ரோட்டுக்குத் திருப்பு, இப்பவே எடு. கத்திவிட்டு அவள் பக்கம் குனிந்து தாழ்ந்த குரலில் சொன்னார், "வந்துட்டிருக்குன்னு சொல்லும்மா. பயந்துடப் போறாங்க." அது பொய்யும் இல்லை, வண்டி இந்த நிமிடம் உறுமிக்கொண்டு திரும்புவது ஜன்னலில் கேட்டது. வந்துட்டிருக்கு. ஒரே சொல், அது வாய் வரை வந்துவிட்டது, அதில் நாற்பத்தொரு பேரும் ஆறுதலாகச் சாய்ந்து உட்காரலாம், ஒரு பக்கம் விழுந்துவிட்ட பள்ளிக்குள். அவர்கள் உட்காருவார்கள். அதுதான். உட்கார்ந்தே இருப்பார்கள். அவள் பொத்தானை அழுத்தினாள். "இளம்பரிதி, வண்டி இன்னும் கிளம்பல. இப்பத்தான் திருப்பறாங்க. மேல்ரோட்டுக்கு வந்து சேர ரெண்டு மணி நேரம் ஆகும். நீ ஒரு மணிக்குச் சொன்னது எனக்குக் கேக்கல. ஃபில்டர இறுக்கி வெச்சிருந்தேன். தப்பு என்னுது. வண்டிய நம்பி உக்காராதீங்க. ஓவர்." விட்டதும் சலசலப்பு. அவன் திட்டுவான். திட்டட்டும். திட்டாமல் அணைத்துவிடுவானோ, பேட்டரி போய்விட்டதோ, கடைசிச் சொல் போய்ச் சேர்ந்ததோ இல்லையோ, வண்டி கிளம்பல என்பது மட்டும் போய், உக்காராதீங்க என்பது வழியில் எங்காவது விழுந்துவிட்டதோ.

"ரெண்டு மணி நேரமா?" என்றது பெட்டி. "சரி. சொன்னியே, அந்த மட்டுக்கும் நல்லது. அப்ப இங்க இருக்க வேணாம். எல்லாரையும் கோயில் பாறைக்கு ஏத்திடறேன், நனைஞ்சா நனையட்டும். ஒயரையும் கழட்டி எடுத்துக்கறேன். ரெண்டரைக்குப் பாறையிலருந்து கூப்பிடறேன். இதே இடத்துல கேளு. ஓவர்." இதே இடத்துல, என்றாள் அவள், மேலயும் கீழயும் தேடறேன், எங்க நடந்தாலும் பிடிச்சுடறேன், ஓவர். அவன் அவசரத்தில் மைக்கை எங்கோ வைத்துவிட்டான், பொத்தான் அமுங்கியே இருந்தது போல. பெட்டிக்குள் ஒரு வகுப்பறை திறந்தது. பெஞ்சுகள் இழுபட்டன, ஒரு குழந்தை வீறிட்டது, யாரோ ஒரு கிழவர் என் செருப்பு, என் செருப்பு என்றார். நர்ஸாக இருக்கவேண்டும், ஒரு பெண்குரல் வாசலில் நின்று, ஒவ்வொருவராக வெளியே அனுப்பிக்கொண்டு, உரக்க எண்ணத் தொடங்கியது. ஒண்ணு. ரெண்டு. பாத்து வா, மூணு. அம்மாவ விடாத, நாலு, அஞ்சு. குணசீலன் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டார். செங்கோடனின் உதடுகள் சத்தமில்லாமல் கூடவே அசைந்தன. பதினேழு, பதினெட்டு. கூரையில் ஏதோ சரிந்த மாதிரி, அல்லது வெறும் இரைச்சலோ, ஒரு நீண்ட சரசரப்பு, அதற்குள்ளிருந்து, பத்தொம்பது, சீக்கிரம், இருபது. எட்டு மாதக்காரி போய்விட்டாளா என்று எண்ணிக்கையில் தெரியவில்லை. இருபத்தாறு. இருபத்தேழு. இரு— என்றதும் அறுந்தது. யாரோ மைக்கை எடுத்து அணைத்திருக்கலாம். ஒயரைக் கழற்றியிருக்கலாம். மறுபடி மழை போன்ற அந்தச் சலசலப்பு மட்டும், முழு அகலத்துக்கு. கோகிலவாணி ஸ்பீக்கரின் மேல் கையை வைத்தபடி, இருபத்தெட்டு, என்றாள். இருபத்தொன்பது. ஒவ்வொருவருக்கும் கதவைத் தாண்ட எவ்வளவு நேரம் ஆகுமோ அவ்வளவு நேரம் விட்டு, முப்பது, என்றாள்.